மூடிமேல கை வெக்காத தம்பி

வா தம்பி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு. ஆப்பிள்ல சாஸ் காய்ச்சப் போறியாமே? பெங்களூர்லேருந்து வர்றப்போ, தானா ஆறு மணி நேரம் வேகுற கரண்டுப் பானை ஒண்ணு வாங்கியாந்திருக்கன்னு உங்க அம்மா காலையிலயே இந்தப் பக்கம் வந்து சொல்லிட்டுப் போச்சு. ஸ்லோ குக்கர்னு பேராம். நல்லது. லீவுக்கு வந்தவன் செல்போனைத் தேய்ச்சுக்கினு கிடக்காம அடுப்பங்கரைப் பக்கம் போறியே, அதை நான் குறை சொல்லல. ஆனா, "இருக்கறதுலயே பளபளன்னு, எல்லாம் ஒரே சைஸா எடுத்துக் குடுங்க தாத்தா"ன்னு கேட்ட பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மசிச்சுக் கூழாக்கப் போற பழத்துக்கு அழகு எதுக்குடா?

விக்கறவன் நானே சொல்றேன், கேட்டுக்கோ. அந்தப் பளபளப்பு பாதிக்குமேல பழத்தோடது இல்ல, மெழுகோடது. ஆப்பிளுக்குப் பொறப்புலயே மெல்லிசா ஒரு மெழுகு உண்டு. பறிச்சுக் கழுவும்போது அது போயிடுது. பழம் வாடிப்போவாம இருக்க, தேன்மெழுகு, அரக்கு, பனைமெழுகுன்னு வேற ஒண்ணை மேல பூசி அனுப்பறாங்க. சட்டத்துல இடம் இருக்கு, தின்னா ஒண்ணும் ஆவாது. சந்தேகமா இருந்தா நகத்தால சுரண்டிப் பாரு, வெள்ளையா வரும். ஆனா காசு குடுத்து மெழுகை வாங்கி, ஆறு மணி நேரம் அதைக் காய்ச்சணும்னு உனக்கு இன்னா தலையெழுத்து? வெதுவெதுன்னு தண்ணி வெச்சு, தேங்கா நார் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவு. அப்புறம் தோலைச் சீவு. நம்ம கல்வராயன் மலைக்குக் கடுக்காயால ஒரு பேரு உண்டு, தெரியுமில்ல? மலையில இருக்கறவங்க கடுக்காயை வித்துப் பொழைக்கறாங்க. கீழ கடை போட்டிருக்கற நாங்க கடுக்காய் குடுத்துப் பொழைக்கறோம்.

அதோ, சாக்குக்குப் பின்னால ஒரு பொட்டி இருக்கு பாரு. அதை இழு. தழும்பு விழுந்தது, லாரியில வரும்போது அடிபட்டது, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. அதுதான் உன் பழம். பாதி விலைக்குப் போட்டுத் தர்றேன். உடனே தாத்தா தர்மப்பிரபுன்னு நெனச்சுக்காத. சாயங்காலத்துக்குள்ள நீ எடுக்கலன்னா, அந்தப் பொட்டி மாட்டுக்குத்தான் போவும். மாடு எனக்குக் காசு குடுக்காது.

ஆனா அடிபட்டது வேற, அழுகினது வேற. அந்த வித்தியாசம் தெரியாமத்தான் படிச்சவங்க ஏமாந்துட்டு எங்களைத் திட்டறாங்க. அடிபட்ட எடம் பழுப்பா, மெத்துனு இருக்கும். முகர்ந்து பாத்தா ஆப்பிள் வாசனைதான் வரும். அந்த எடத்தை மட்டும் கத்தியால தோண்டி எறிஞ்சுட்டு மிச்சத்தைப் போட்டுக்கலாம். பூஞ்சை படிஞ்சிருந்தாலோ, கள்ளு மாதிரி புளிச்ச வாடை அடிச்சாலோ முழுப் பழத்தையும் தூக்கிப் போடு. "வேகும்போது எல்லாம் சரியாப் போயிடும்"னு மனசைத் தேத்திக்காத. ஆப்பிள் பூஞ்சை விடுற நஞ்சு அடுப்புச் சூட்டுக்கு லேசுல அடங்காது. நடுத்தண்டையும் கொட்டையையும் எடுத்துடு. ஒண்ணு ரெண்டு கொட்டை முழுசா உள்ள போனா பயமில்ல. அரைபட்டாத்தான் அதுலேருந்து வேண்டாதது கிளம்பும்.

இப்போ ரகத்துக்கு வருவோம். நீ எல்லாத்தையும் சிம்லா ஆப்பிள்னு சொல்ற. அந்தப் பேருக்கு ஒரு கதை இருக்கு. சாமுவேல் ஸ்டோக்ஸ்னு ஒரு அமெரிக்காக்காரர். நல்ல வசதியான வீட்டுப் புள்ள. 1904ல தொழுநோயாளிங்களுக்குச் சேவை பண்றேன்னு இந்தியாவுக்கு வந்தார். சிம்லாவுக்கு மேல கோட்கட்டுல குடியேறி, அந்த மலைப் பொண்ணையே கட்டிக்கினார். 1916 வாக்குல அமெரிக்காவுலேருந்து ரெட் டெலிஷியஸ் கன்னு வரவழைச்சு நட்டார். கன்னை நட்டுட்டு மனுசன் காந்தி பின்னால போய் ஜெயில்ல உட்கார்ந்தார். 1932ல இந்து மதத்துக்கு மாறி சத்யானந்த் ஆனார். அவர் நட்டது காய்ச்சு, அந்த மலையே காசு பாத்துச்சு.

அந்தச் செவப்புப் பழம் கடிச்சுத் தின்ன நல்லாருக்கும். சாஸுக்கு அது மட்டும் போட்டா சப்புனு இருக்கும், புளிப்பு கிடையாது. அதனால மூணு பங்கு செவப்புக்கு ஒரு பங்கு பச்சை ஆப்பிள் சேரு. அந்தப் பச்சைக்கும் ஒரு பாட்டிதான் காரணம். 1868 வாக்குல ஆஸ்திரேலியாவுல மரியா ஆன் ஸ்மித்னு ஒரு கிழவி, தின்னது போக எறிஞ்ச பழக் கழிவுலேருந்து முளைச்ச செடியை வளத்து எடுத்ததுன்னு சொல்றாங்க. அதான் கிரானி ஸ்மித். நீ மூஞ்சியைச் சுளிக்கற பொட்டிப் பழத்துக்கு எவ்ளோ பெரிய வம்சம் பாத்தியா! பச்சை ஆப்பிளுக்கு நான் சொல்ற விலை உனக்குக் கட்டுப்படி ஆவலன்னா விட்டுடு, ஒரு எலுமிச்சம்பழம் பிழி. எங்கிட்ட ரெண்டுமே இருக்கு. எதை வாங்கினாலும் எனக்குச் சம்மதம்.

போன மாசம் உன்னை மாதிரியே ஒரு புள்ளையாண்டான் வந்தான். வெள்ளிமலைக்கு மேல நெலம் வாங்கி ஆப்பிள் போடலாம்னு இருக்கானாம். நம்ம மலை அவ்ளோ ஒசரம் இல்ல தம்பி. பெரும்பாலும் ரெண்டாயிரம், மூவாயிரம் அடி. வழக்கமான ஆப்பிள் மரத்துக்கு 7 டிகிரிக்குக் கீழ சுமார் ஆயிரம் மணி நேரம் குளிர் வேணும். அந்த நேரமெல்லாம் அது எலையை உதுத்துட்டு மொட்டையா, ஒண்ணும் பண்ணாமத் தூங்கும். தூங்கி எழுந்தாத்தான் பூக்கும். கொஞ்சக் குளிருக்கே காய்க்கிற ரகமும் வந்திருக்கு. இஸ்ரேல்லேருந்து வந்த அன்னா இருக்கு. இமாச்சல்ல ஹரிமன் சர்மாங்கற விவசாயி அடிவாரத்து வெயில்லயே ஒண்ணை வளத்துக் காட்டினார், 2025ல அவருக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. இருந்தாலும் அதை நட்டுட்டு வாரத்துக்கு ஒரு தடவை தோண்டிப் பாக்கற ஆளுங்க கையில எந்த ரகமும் தேறாது. மரமே சும்மா கிடந்தாத்தான் காய்க்கும். இதை ஞாபகத்துல வெச்சுக்கோ, பானைகிட்ட வரும்போது வேணும்.

அளவு சொல்றேன். ஒன்றரைக் கிலோ பழம். தோல் சீவி, தண்டு எடுத்து, பெரிய பெரிய துண்டா வெட்டு. பொடிசா நறுக்கறது பொரியலுக்கு. தண்ணி அரை டம்ளர் போதும். அடி புடிக்காம இருக்கத்தான் அது. ஆப்பிள் தானே தண்ணி விடும். இந்தப் பானையில மூடி போட்டா ஆவியும் வெளிய போவாது, திரும்ப உள்ளதான் சொட்டும். அதை மறந்துட்டு நெறைய ஊத்தினா, நீ காய்ச்சறது சாஸ் இல்ல, ஆப்பிள் ரசம். ஒரு சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சை.

மசாலாவுல பட்டைதான் தலைவர். உங்க அம்மா பிரியாணிக்குப் போடுற பட்டை மரத்தோல் கணக்கா தடிமனா, உடைக்கவே கையி வலிக்கிற மாதிரி இருக்கும். அது கேசியா, சீனா வியட்நாம் பக்கத்துச் சரக்கு. காரமா இருக்கும், கல்லீரலுக்கு ஆவாத கூமரின்னு ஒண்ணு அதுல ஜாஸ்தி. சிலோன் பட்டை மெல்லிசா, அடுக்கடுக்கா சுருண்டு, விரலால அழுத்தினா நொறுங்கும். இனிப்புக்கு அதுதான் தோது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு போடு. கிராம்பு மூணு. நாலாவது போட்டா பல் டாக்டர் கடை வாசனை வந்துடும். சுக்கு சின்னதா ஒரு துண்டு தட்டிப் போடு. ஏலக்கா ரெண்டு. எல்லாத்தையும் மெல்லிசு வேட்டித் துணியில முடிச்சாக் கட்டிப் போட்டுடு. கடைசியில முடிச்சைத் தூக்கி எறிஞ்சா வேலை முடிஞ்சுது. இல்லாட்டி ஊட்டு ஜனம் மொத்தமும் கிராம்பைத் துப்பிக்கினே சாப்பிடும்.

சர்க்கரைன்னு கேக்க வாயெடுக்கற, தெரியுது. நம்ம ஊரு உலகளந்த பெருமாள் கோயில் இடைகழிக் கதை உனக்குச் சொல்லியிருப்பாங்க. மழை ராத்திரியில பொய்கையாழ்வார் அந்தச் சின்ன எடத்துல படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், ரெண்டு பேரும் உட்கார்ந்தாங்க. பேயாழ்வார் வந்தார், மூணு பேரும் எழுந்து நின்னாங்க. நாலாவதா ஒருத்தர் நுழைஞ்சு நெருக்கினார், அது பெருமாள். உன் பானையும் அந்த இடைகழிதான். ஆப்பிள், தண்ணி, மசாலான்னு மூணு பேர் நிக்க எடம் இருக்கு. நாலாவதா நுழையுற சர்க்கரை நெருக்கினா, மத்த மூணு பேரும் இருக்கற எடம் தெரியாது. அங்க நாலாவது ஆள் குடுத்தது தரிசனம். இங்க நாலாவது ஆள் குடுக்கறது மாசா மாசம் ரத்தப் பரிசோதனை.

சர்க்கரைக்கு நம்ம கை அப்பிடிப் பழகிப்போச்சு. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம்னு ரெண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கற மாவட்டம் இது. கரும்பு லாரிக்குப் பின்னாலயே நம்ம வண்டி போவுது, டீயில ரெண்டு ஸ்பூன் போட்டாத்தான் டீ. ஆனா நூறு கிராம் ஆப்பிள்லயே பத்து கிராம் கிட்ட சர்க்கரை இருக்கு. உன் ஒன்றரைக் கிலோவுல ஏற்கெனவே நூத்தைம்பது கிராம் குந்திக்கினு இருக்கு. அதனால முதல்ல ஒண்ணும் போடாத. வெந்து மசிச்ச அப்புறம் நாக்குல வெச்சுப் பாரு. நாக்கு கேட்டா வெல்லம் ஒரு கட்டி நுணுக்கிப் போடு. நாக்கு கேக்கணும், கை கேக்கக் கூடாது.

எல்லாம் உள்ள போட்டாச்சு, மூடியாச்சு, சுவிட்சும் போட்டாச்சு. லோன்னு வெச்சா ஆறு மணி நேரம், ஹைன்னு வெச்சா மூணரை நாலு. ரெண்டும் கடைசியில கொதிக்கற சூட்டுக்குக் கிட்டத்தான் போய் நிக்கும். போய்ச் சேர்ற நேரம்தான் வேற. நீ லோவுலயே வை. நூத்தைம்பது வாட் இழுக்கற பானைன்னா, ஆறு மணி நேரத்துக்கும் ஒரு யூனிட்டு ஆவாது. நடுவுல கரண்ட் போய் ரொம்ப நேரம் வரலன்னா, பானையை வெச்சுக்கினு வேடிக்கை பாக்காத. வேற சட்டியில மாத்தி கேஸ் அடுப்புல முடிச்சுடு. வெதுவெதுன்னு கிடந்தாத்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். சூடா இருக்கற பீங்கான் பானைக்குள்ள பச்சைத் தண்ணி ஊத்தாத. பட்டுனு விரிஞ்சுடும், அதுக்கும் என்கிட்ட வந்து நியாயம் கேப்ப.

இதெல்லாம் சின்ன விஷயம். உன் கஷ்டம் இனிமேதான் ஆரம்பிக்குது. அரை மணி நேரத்துல உனக்கு ஒரு சந்தேகம் வரும், வேகுதா இல்லையான்னு. மூடியைத் தூக்குவ. அப்புறம் போட்டோ எடுக்கணும், தூக்குவ. ஃப்ரெண்டுக்கு வீடியோ கால்ல காட்டணும், தூக்குவ. ஒரு தடவை திறந்தா, போன சூட்டைத் திரும்பச் சேக்க அந்தப் பானைக்கு இருபது இருபத்தஞ்சு நிமிசம் ஆவும். அதுக்கு அடியில எரியறது உங்க ஊட்டு மூணு பர்னர் அடுப்பு இல்ல, ஒரு பழைய குண்டு பல்புக்குக் கொஞ்சம் மேல. ஆறு தடவை திறந்தா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெச்சது மறுநாள் டிபனுக்குத்தான்.

திறக்கக் கூடாதுங்கறதுக்காகவே பொறந்த பானை அது. என் பேத்தி படிச்சுச் சொல்லுச்சு. சிகாகோவுல இர்விங் நாக்சன்னு ஒருத்தர். அவரோட பாட்டி லித்துவேனியா நாட்டுல வில்னா ஊருக்காரி, யூத ஜனம். அவங்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சுட்டா மறுநாள் பொழுது சாயற வரைக்கும் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால சாயங்காலமே பயறு, கெழங்கு, கறி எல்லாத்தையும் பானையில போட்டு ரொட்டிக்கடை அடுப்புல கொண்டுபோய் வெச்சுட்டு வந்துடுவாங்க. அடுப்பு ஆறிக்கினே இருக்கற சூட்டுல ராத்திரி முழுக்க அது வேகும். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நாக்சன் கரண்டுல ஒரு பானை பண்ணி, 1940ல காப்புரிமை வாங்கினார். 1970ல ரைவல் கம்பெனி அதை வாங்கிச்சு, மறு வருசம் கிராக்-பாட்னு பேர் வெச்சு வித்துச்சு. வேலைக்குப் போற பொம்பளைங்க காலையில வெச்சுட்டுப் போனா ராத்திரி சாப்பாடு தயார். ஆக, அடுப்பைத் தொடவே கூடாதுன்னு சாமி பேரைச் சொல்லிக் கட்டுப்பட்டவங்க பானை அது. பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கினு எட்டிப் பாக்கறவனுக்கு அது ஒத்து வருமா?

சும்மா இருக்கத் தெரியாதுன்னு நீ சொன்னா நம்ம ஊருக்கே அவமானம். 1896 ஆகஸ்ட் கடைசி. வெங்கடராமன்னு பதினாறு வயசுப் பையன், மதுரையில வீட்டுல சொல்லாம ரயிலேறி, கையில காசு தீர்ந்து, மாம்பழப்பட்டுலேருந்து நடந்து வந்தான். அரகண்டநல்லூர்க் கோயில்ல சோறு கிடைக்கல. ஆத்தைத் தாண்டி நம்ம ஊரு கீழூர் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்கு வந்தான். அங்கயும் முதல்ல இல்லன்னுட்டாங்க. கோயில் மேளக்காரர் தன் பங்குச் சோத்தை எடுத்துக் குடுத்தார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் ஊட்டுல சாப்பாடு போட்டாங்க, காதுக் கடுக்கனை அடகு வாங்கிக்கினு நாலு ரூபா குடுத்தாங்க, சாமிக்குப் படைக்க வெச்சிருந்த பலகாரத்துலயும் ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க. பையன் செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். 1950ல கண்ணை மூடற வரைக்கும் அந்த மலையை விட்டு நகரல. ரமண மகரிஷி. உலகத்துக்கே "சும்மா இரு"ன்னு சொன்ன ஆளுக்கு வழிச்சோறு போட்ட ஊருடா இது!

உடனே காலை நீட்டிப் படுத்துடாத. அந்த மனுசனும் சோம்பேறியா உட்கார்ந்திருக்கல. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ஆசிரம சமையல்கட்டுல காய் நறுக்கினவர், தொவையல் அரைச்சவர். காய்த்தோலைக் கூட வீணாக்க மனசு வராது அவருக்கு. செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காச் செஞ்சுட்டு, அப்புறம் கையை எடுத்துடணும். சும்மா இருக்கறதுன்னா அதுதான். நீங்க இப்போ அதைத் தலைகீழாப் பண்றீங்க. பழத்தை ஒழுங்காத் தேய்ச்சுக் கழுவ நேரம் இல்ல, மூடியைத் திறந்து பாக்க மட்டும் நேரம் இருக்கு.

கடைசி அரை மணி நேரம் மட்டும் மூடியை லேசா ஒருக்களிச்சு வெச்சுக்கோ, மிச்சத் தண்ணி வத்தும். திறக்கணும்னு துடிச்சுக்கினு இருக்கற கைக்கு அதுதான் பிரசாதம். அப்புறம் முடிச்சை எடுத்துட்டு, பருப்புக் கடையற மத்தால நாலு சுத்து சுத்து. மிக்ஸியில போட்டு வழவழன்னு ஆக்காத. அது பல்லு முளைக்காத கொழந்தைக்கும் பல்லு போன எனக்கும். நடுவுல நடுவுல ஒரு துண்டு நாக்குல தட்டுப்படணும், அப்பத்தான் இது ஊட்டுல பண்ணதுன்னு தெரியும்.

ஆறினதும் சுத்தமா கழுவிக் காயவெச்ச கண்ணாடி பாட்டில்ல போட்டு ஃப்ரிட்ஜுல வை. ஒரு வாரம் தாங்கும். ஈரக் கரண்டி விட்டா தாங்காது. வெள்ளைக்காரன் இதைப் பன்றிக் கறிக்குத் தொட்டுக்குவான், ஜெர்மன்காரன் உருளைக்கெழங்கு அடையோட சாப்பிடுவான். நீ சப்பாத்தியில தடவிக்கோ, கேப்பை தோசைக்குத் தொட்டுக்கோ, தயிர்ல ஒரு கரண்டி கலந்து குடி. "மாங்கா பச்சடிக்கு இது ஈடாவாது"ன்னு உங்க பாட்டி சொல்லும். ஒத்துக்கோ. சித்திரை ஒண்ணாந்தேதி மாங்கா, வெல்லம், வேப்பம்பூ போட்டு அது காய்ச்சுறதும் சாஸ்தானே? பேருதான் இல்ல. பேரு இல்லாததால அதுக்குப் பத்தாயிரம் ரூபா பானையும் யாரும் விக்கல.

சரி, பொட்டியை எடு, எடை போடுவோம். முதல் கிண்ணம் உங்க அம்மாவுக்குக் குடு. குடுத்துட்டு எதுக்கால நின்னுக்கினு, "எப்டிம்மா இருக்கு, எப்டிம்மா இருக்கு"ன்னு மூஞ்சியையே பாக்காத. அதுவும் மூடியைத் திறக்கற வேலைதான்.